தைத்த பலகைகள்: துறைமுகம் இல்லாத மதராசும் மசூலாப் படகும்

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி 1639ஆம் ஆண்டில் மதராசப்பட்டினக் கடற்கரையில் நிலம் பெற்று அடுத்த ஆண்டில் கோட்டை எழுப்பத் தொடங்கியபோது, கப்பல் ஒதுங்குவதற்கேற்ற விரிகுடாவோ ஆழமான முகத்துவாரமோ அந்தக் கரையில் இல்லை. கூவம் ஆறு கடலைச் சேரும் இடம் ஆண்டின் பெரும்பகுதியும் மணல் திட்டால் அடைபட்டுக் கிடந்தது. வடக்கே எண்ணூர்க் கழிமுகமும் பெருங்கப்பல் நுழையும் ஆழம் உடையதன்று. ஆகவே ஐரோப்பாவிலிருந்து வந்த கப்பல்கள் கரையிலிருந்து ஒரு மைலுக்கும் அப்பால், திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. 1861ஆம் ஆண்டில் கடலுக்குள் இரும்புக் கால்கள் ஊன்றி ஒரு கடற்பாலம் கட்டப்படும் வரை, ஏறக்குறைய 220 ஆண்டுகளாகக் கப்பலுக்கும் கரைக்கும் இடையே மனிதர்களையும் துணிப்பொதிகளையும் வெள்ளிப் பெட்டிகளையும் கடத்திக் கொடுத்தது, ஓர் ஆணியும் இல்லாமல் தேங்காய் நார்க் கயிற்றால் தைக்கப்பட்ட மசூலாப் படகுதான். மதராஸ் நகரின் வரலாற்றைக் கோட்டைச் சுவரிலிருந்து எழுதத் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. அந்தக் கோட்டைக்கு ஆளும் பொருளும் வந்து சேர்ந்த வழியைப் பார்த்தால், அதை உள்ளூர்த் தச்சர்களின் உளியிலிருந்தும் கயிற்றிலிருந்தும் தொடங்குவதே பொருத்தமாகும்.

கோட்டை எழுவதற்கு நெடுநாள் முன்பே இவ்வகைப் படகு இக்கரையில் இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் சாந்தோம் கரையில் இறங்கிய இத்தாலிய வணிகப் பயணிகள், சிறு கயிறுகளால் தைக்கப்பட்ட உயரமான படகுகளைப் பற்றி வியப்புடன் குறித்திருக்கிறார்கள். 1670களில் சோழமண்டலக் கரையில் வாழ்ந்த தாமஸ் பௌரியும், 1673இல் மதராசில் கரையிறங்கிய மருத்துவர் ஜான் பிரையரும் இதே படகை விவரிக்கிறார்கள். புதுச்சேரிக் கரையில் இதற்குச் ‘சலங்கு’ என்று பெயர். பிரெஞ்சுக்காரர்கள் அச்சொல்லைத் தங்கள் நாவுக்கு ஏற்றபடி மாற்றி எடுத்துக்கொண்டார்கள். இன்னும் பின்னோக்கிச் சென்றால், கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த எரித்ரியக் கடற்பயணக் குறிப்பு, பெரிய மரங்களை ஒன்றோடொன்று பிணைத்துச் செய்த ‘சங்கரா’ என்னும் கலங்களை இக்கரைக்கு உரியவையாகக் கூறுகிறது. அது மசூலாவின் நேரடி முன்னோடி என்று சொல்வதற்கு இல்லையாயினும், ஆணியை நாடாமல் கட்டியும் பிணைத்தும் கலம் செய்யும் பழக்கம் இந்தக் கடலுக்கு மிகப் பழையது என்பதை அது காட்டுகிறது.

மசூலாவின் அளவும் அமைப்பும் பற்றி நம்பகமான விவரம் தருபவர் ஜான் எடை என்னும் ஆங்கிலக் கப்பல் கட்டுநர். திருகோணமலைக் கப்பற்பட்டறையில் தலைமைத் தச்சராகப் பணியாற்றிய அவர், சோழமண்டலம், மலபார், இலங்கை ஆகிய கரைகளின் கலங்களைப் பற்றி வரைபடங்களோடு எழுதிய கட்டுரை 1834இல் லண்டனில் வெளியாயிற்று. அதன்படி மசூலா 30 முதல் 35 அடி நீளமும் 10 அல்லது 11 அடி அகலமும் 7 அல்லது 8 அடி ஆழமும் கொண்டது. நீளத்தோடு ஒப்பிட்டால் இந்த ஆழம் மிகுதி. ஆனால் உடைந்து விழும் அலையின் நுரை உள்ளே புகாமலிருக்கப் பக்கங்கள் ஆள் உயரத்துக்கு மேல் எழுந்தாக வேண்டும். அடிப்பாகம் ஏறத்தாழத் தட்டையானது. கடைசி அலை படகை மணலில் எறியும்போது அது சாயாமல் அமர்வதற்கு இந்தத் தட்டையே உதவியது. பலகைக்குப் பெரும்பாலும் மாமரத்தைப் பயன்படுத்தினார்கள். தேக்கைப் போல அது நெடுநாள் உழைப்பதன்று. ஆயினும் எளிதில் கிடைப்பது, அகலமான பலகையாக அறுபடுவது, வளைத்தால் ஓரளவு இணங்கிக் கொடுப்பது.

இந்தப் படகில் இல்லாதவையே அதை விளங்கிக்கொள்ள முதலில் கவனிக்க வேண்டியவை. ஐரோப்பியக் கப்பல் தச்சர் முதலில் விலா எலும்புகளைப் போன்ற வளைவுக் கட்டைகளை நிறுத்தி, அவற்றின்மேல் பலகைகளை ஆணியால் அறைந்து படகை உருவாக்குவார். மசூலாவில் அந்த விலாக்கட்டைகளே கிடையாது. பலகையை நேரடியாகப் பலகையோடு விளிம்புக்கு விளிம்பு பொருத்தி, இரண்டின் ஓரங்களிலும் துரப்பணத்தால் ஒன்றுக்கொன்று நேராகத் துளைகள் இட்டார்கள். துரப்பணம் என்பது கயிற்றை முன்னும் பின்னும் இழுத்துச் சுழற்றும் துளைக் கருவியாகும். இரு பலகைகள் கூடும் பொருத்தின் மீது தேங்காய் நாரைத் திரட்டித் திண்டுபோல நீளமாக வைத்து, அதன் குறுக்கே நார்க் கயிற்றை மாறி மாறிக் கோத்து, ஒருவர் படகின் உள்ளிருந்தும் மற்றவர் வெளியிலிருந்தும் கயிற்றை வாங்கி இழுத்து இறுக்கினார்கள். கயிறு இறுக இறுகத் திண்டு பொருத்தின்மேல் அழுந்தி நீரைத் தடுத்தது. முழுவதும் தடுத்ததாகச் சொல்ல முடியாது. மசூலா எப்போதும் கசிந்துகொண்டேயிருந்ததால், தண்ணீரை இறைத்து ஊற்றுவதற்கென்றே ஆள் வேண்டியிருந்தது. நாரின் தேர்விலும் அனுபவம் உண்டு. உப்பங்கழியில் மட்டையை மாதக்கணக்கில் ஊறவைத்து அடித்தெடுத்த நார் கடல்நீரில் எளிதில் அழுகாது. அதே கடல்நீர் இரும்பு ஆணியைத் துருவாக்கி, ஆணியைச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுத்துவிடும்.

நேரான பலகை வளைந்த படகாவது எப்படி என்பது எல்லா மரவேலைக்கும் பொதுவான கேள்வி. ஒரு பலகையை வளைக்கும்போது அதன் வெளிப்புறம் நீண்டாக வேண்டும், உட்புறம் சுருங்கியாக வேண்டும். மரத்துக்கு நீளும் திறன் மிகக் குறைவு. ஆனால் ஈரமும் வெப்பமும் ஏறினால் நார்களை ஒட்டிவைத்திருக்கும் இயற்கைப் பசை இளகி, உட்புறம் பெருமளவு சுருங்க இடம் கொடுக்கிறது. ஆறியபின் அந்த வளைவு பெரும்பாலும் நிலைத்துவிடுகிறது. தோட்டத்துக் குளத்தின் குறுக்கே வளைந்து நிற்கும் சிறு நடைபாலமும் கடற்கரையில் அலையை எதிர்கொள்ளும் படகும் இந்த ஒரே இயல்பை நம்பியவை. ஆயினும் வளைவை அவை பயன்படுத்தும் முறை வேறு. வளைவுப் பாலத்தில் மேலிருந்து விழும் பாரம் வளைவின் வழியே இரு கரைகளுக்கும் இறங்கி, கரையிலுள்ள தாங்கு சுவரைத் தள்ளுகிறது. கரை அசையாதவரை பாலமும் அசையாது. மசூலாவுக்கு அசையாத கரை எதுவும் இல்லை. அதன் வளைவைப் பிடித்து நிறுத்துவது தையலின் இழுவிசையும், பக்கங்களை ஊடுருவிக் குறுக்கே கட்டப்பட்ட உத்திரங்களும் மட்டுமே. எனவே அலை மோதும்போது படகு முழுவதும் சற்று நெளிந்து கொடுத்து, மோதலின் வேகத்தைத் தையல்தோறும் பங்கிட்டு வாங்கிக்கொண்டது. ஆணி அறைந்து இறுகச் செய்யப்பட்ட கப்பலின் சொந்தப் படகுகள் இந்த அலையில் சிக்கினால் உடைவதற்கும் கவிழ்வதற்குமே வாய்ப்பு மிகுதி. ஆகவேதான் அவை அலைமுறிவுக்கு வெளியிலேயே நின்று, ஆட்களை மசூலாவுக்கு மாற்றிக் கொடுத்தன.

பிரையர் மதராசில் மசூலாவில் இறங்கிய 1673ஆம் ஆண்டிலேயே, ஜப்பானின் இவாகுனி நகரில் நிஷிகி ஆற்றின் மீது கிந்தாய் என்னும் மரப்பாலம் கட்டி முடிக்கப்பட்டது என்பது ஒப்பிட்டுப் பார்க்கத் தக்கது. ஐந்து வளைவுகள் கொண்ட அப்பாலம் ஏறத்தாழ 193 மீட்டர் நீளமுள்ளது. நடுவிலுள்ள மூன்று வளைவுகள் ஒவ்வொன்றும் சுமார் 35 மீட்டர் இடைவெளியை ஆற்றுக்குள் கால் ஊன்றாமல் தாண்டுகின்றன. கட்டிய மறு ஆண்டே வெள்ளம் அதை அடித்துச் சென்றது; உடனே மீண்டும் கட்டினார்கள். அதன்பின் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை வளைவுகளைப் பிரித்துப் புதுப்பிப்பதை முறையாகவே வைத்துக்கொண்டார்கள். 1950இல் புயல் வெள்ளத்தில் மறுபடி அழிந்தபோதும், 1953இல் பழைய முறையிலேயே அதை எழுப்ப முடிந்தது. ஒரு தலைமுறைத் தச்சர் அடுத்த தலைமுறைக்குக் கையோடு கைவைத்துக் காட்டிக் கொடுக்க, பாலம் அவ்வப்போது பிரிக்கப்பட்டதே காரணமாயிற்று. மசூலாவின் கைவினையும் இதே வகையில்தான் நிலைத்தது. கயிறு மரத்தின் ஆயுள் உடையதன்று. அது நைந்ததும் தையலை அவிழ்த்து, கெட்ட பலகையை நீக்கி, புதுக்கயிறு கோத்து மறுபடி தைத்தாக வேண்டும். ஐரோப்பியர் சிலர் இதை அப்படகின் குறையாக எண்ணினார்கள். ஓயாத இந்த மறுதையலே கரையோரத்தில் தைக்கத் தெரிந்த கைகளை இரண்டு நூற்றாண்டுக்கு மேல் குறையாமல் வைத்திருந்தது என்பதை அவர்கள் கவனிக்கவில்லை.

கடற்பயணத்தின் கடைசி மைல் எவ்வளவு கடுமையானது என்பதை மதராசுக்கு வந்த ஏறத்தாழ எல்லாப் பயணிகளும் எழுதியிருக்கிறார்கள். கரைக்கு இணையாக நீருக்கடியில் ஓடும் மணல் மேடுகளில் தடுக்கி, அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசைகளில் உடைந்தன. ஒரு படகில் எட்டு முதல் பன்னிரண்டு பேர் வரை தண்டு வலித்தார்கள். நீண்ட கழியின் நுனியில் வட்டமான சிறு பலகையைக் கட்டியதே தண்டு. பின்பக்கத்தில் தண்டேல், அதாவது படகின் தலைவர், நீண்ட துடுப்பால் திசை பிடித்து நின்றார். பாட்டின் தாளத்துக்கு வலித்து வந்தவர்கள், அலைமுறிவின் ஓரத்தை அடைந்ததும் தண்டேலின் குரலுக்காகக் காத்திருந்தார்கள். பின்னால் எழும் பேரலை படகைத் தூக்கும் கணத்தில் அவர் குரல் கொடுக்க, அனைவரும் ஒருசேர வலித்து அலையின் முதுகிலேயே படகை ஓட்டினார்கள். அலை கடந்துபோனதும் பின்னிழுக்கும் நீரில் சிக்காமல் நிறுத்தி, அடுத்ததற்குக் காத்தார்கள். ஒரு கணம் பிந்தினால் படகு குறுக்காகத் திரும்பிக் கவிழும். கவிழ்ந்தால் ஆட்களை மீட்பதற்காகக் கட்டுமரங்கள் அருகிலேயே மிதந்துவந்தன. மூழ்கியவர்களைக் காப்பாற்றிய கட்டுமரக்காரர்களுக்குப் பதக்கம் வழங்கும் வழக்கமும் இருந்தது. கடல் மிகக் கொந்தளித்த நாள்களில் கரையிலிருந்த கொடிமரத்தில் எச்சரிக்கைக் கொடி ஏறும். மசூலாக்கள் கரையிலேயே கிடக்க, கடிதங்களை மட்டும் தலைப்பாகைக்குள்ளோ நீர் புகாத தொப்பிக்குள்ளோ வைத்துக்கொண்டு கட்டுமரக்காரர்கள் கப்பலுக்குச் சென்று வந்தார்கள். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை, வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில், கப்பல்கள் மதராஸ் கடலைத் தவிர்த்தன.

இவ்வளவு பெரிய பொறுப்பைச் சுமந்த படகோட்டிகள் கம்பெனியின் பதிவேடுகளில் பெரும்பாலும் குறைகூறலாகவே இடம்பெறுகிறார்கள்: கூலி கூடுதலாகக் கேட்டார்கள், வேலைக்கு வர மறுத்தார்கள், பொதிகளை நனைத்தார்கள் என்பனவே அங்குத் திரும்பத் திரும்ப வருபவை. மறுபக்கத்திலிருந்து பார்த்தால், அவர்கள் கைவிட்டால் கோட்டையின் வாணிகமே நின்றுபோகும் என்பதை அவர்களும் அறிந்திருந்தார்கள் என்றே கொள்ள வேண்டும். இந்தியர் குடியிருந்த கருப்பர் நகரத்துக்கு வடக்கே கடலை ஒட்டி இந்தப் படகோட்டிச் சமூகம் குடியேறிய பகுதியே ராயபுரம். அவர்களுள் கத்தோலிக்கர் மிகுதி. மீனவராயிருந்த புனித பேதுருவைத் தமிழில் ராயப்பர் என்பது வழக்கு, அப்பெயரே ஊரின் பெயராயிற்று. படகோட்டிகள் தங்கள் சம்பாத்தியத்திலிருந்து திரட்டிய பணத்தால் எழுப்பிய ராயப்பர் ஆலயம் 1829ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மசூலாப் படகு ஒன்றுகூட இன்று அக்கரையில் இல்லை. அந்தப் படகுத் தொழில் ஈட்டித் தந்ததை வைத்து எழுந்த கட்டடம் மட்டும் வழிபாட்டில் இருக்கிறது. 1856 ஜூலை முதல் நாளன்று தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்டதும் இதே ராயபுரத்திலிருந்துதான். கடற்பாலம் அப்போது இன்னும் கட்டப்படவில்லையாதலால், கடல்வழி வந்த எந்த இரும்பும் இயந்திரமும் அலையைக் கடந்தே கரைசேர வேண்டியிருந்தது என்பதை ரயில்வே வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் குறிப்பிடாமல் கடந்துவிடுகிறார்கள்.

அலையைக் கடக்காமல் சரக்கிறக்க ஒரு கடற்பாலம் வேண்டும் என்ற யோசனையை, மதராஸ் நிர்வாக சபையில் இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் 1770 அளவிலேயே முன்வைத்தார். அது நிறைவேற 90 ஆண்டுகள் ஆயின. 1861இல் எழுந்த இரும்புக் கடற்பாலம் கப்பல் மோதியும் 1872இன் புயலிலும் சேதமுற்றது. பின்னர் வில்லியம் பார்க்ஸ் என்னும் பொறியாளரின் திட்டப்படி கடலுக்குள் இரு கைகளைப்போல நீளும் அலைதடுப்புச் சுவர்கள் கட்ட முடிவாகி, 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பரில் வந்த புயல் சுவர்களின் பெரும்பகுதியைச் சரித்தது. திருத்தியமைத்து முடிந்த பிறகும், கப்பல்கள் உள்ளே நங்கூரமிட்டு நிற்க, சரக்கைப் படகுகளே இறக்கின. 1904இல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் கிழக்கு நோக்கிய வாயில் மூடப்பட்டு வடகிழக்கில் புதிய வாயில் திறக்கப்பட்டது. கப்பல் நேரே வந்து அணைந்து நிற்கும் துறைமேடைகளும் எழுந்தன. அத்துடன் மசூலாவின் தேவை மதராசில் முடிந்தது.

தேவையை மட்டுமன்றி, மசூலா கரையேறும் மணலையும் துறைமுகமே எடுத்துக்கொண்டது. சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதியும் அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து மோதுவதால், கரையோர மணல் ஓயாமல் வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டேயிருக்கிறது. கடலுக்குள் நீட்டிய தெற்குச் சுவர் அந்த ஓட்டத்தை மறித்தது. தெற்கே தேங்கிய மணல் மெரினாவை அகலமாக்கியது. வடக்கே மணல் வரத்து நின்ற கரையைக் கடல் அரிக்கத் தொடங்கியது. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எர்ணாவூர், எண்ணூர் வரை தெருக்களும் வீடுகளும் கடலுக்குள் போயின. மீதமிருப்பதைக் காக்கப் பாறைகளைக் கொட்டிச் சுவராகவும் கடலுக்குள் நீளும் குறுந்தடுப்புகளாகவும் அமைத்திருக்கிறார்கள். மசூலாவோ கட்டுமரமோ அலையோடு ஏறி வந்து அமர்வதற்கு மணற்சரிவு இன்றியமையாதது. பாறைக் கரையில் எவ்வளவு திறமையான தண்டேலாலும் படகை ஏற்ற முடியாது. ஆகவே இக்கரையோரக் கிராமங்கள் தொழில்முறையை மாற்றிக்கொண்டதைப் புதுமையின் ஈர்ப்பு என்று மட்டும் விளக்குவது நியாயமாகாது.

கட்டுமரம் இன்னும் பல பத்தாண்டுகள் தாக்குப்பிடித்தது. அதை 1980களிலிருந்து கண்ணாடியிழைப் படகுகள் இடம்பெயர்க்கத் தொடங்கின. 2004 டிசம்பரின் ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணமாக அத்தகைய படகுகளே பெருமளவில் வழங்கப்பட்டதால் அந்த மாற்றம் விரைவடைந்தது. கண்ணாடியிழைப் படகில் வளைவு என்பது அச்சின் வேலை: ஒருமுறை செய்து வைத்த அச்சில் இழைப் பாயையும் பிசினையும் அடுக்கடுக்காகப் பூசி இறுகவிட்டால், எத்தனை படகானாலும் ஒரே வளைவில் வெளிவரும். விலை, எடை, இயந்திரம் பொருத்தும் வசதி ஆகிய எல்லாவற்றிலும் அது மீனவருக்கு நன்மையே. ஆனால் அந்தப் பட்டறையில் மரம் செதுக்கும் வாச்சிக்கும் துரப்பணத்துக்கும் வேலை இல்லை, தையலுக்கும் இல்லை.

தையல் வேறு இடங்களில் பிழைத்திருக்கிறது. கேரளத்தின் கெட்டுவள்ளம், அயனிப் பலகைகளை நார்க் கயிற்றால் தைத்துச் செய்யப்படுவது. நெல் சுமந்த அக்கலம் சுற்றுலாப் படகு வீடாக மாறியதால், தைக்கும் தச்சருக்கு வேலை தொடர்ந்தது. மசூலாவின் உறவினங்களோ ஆந்திர, ஒடிசாக் கரைகளில் கரைவலை இழுக்கும் மீனவரிடம் தங்கின. ஒரு முனையைக் கரையில் பிடித்துக்கொண்டு கடலுக்குள் வட்டமாக விரித்து இழுக்கும் அந்தப் பெருவலையைச் சுமந்து அலையைத் தாண்டுவதற்கு, நெளிந்து கொடுக்கும் அகலப் படகு அங்கு இன்னும் தேவைப்பட்டது. மதராஸ் மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வில் இவ்வகைக் கலங்களை ஆராய்ந்தார். எரிக் கென்ட்லி என்னும் படகியல் ஆய்வாளர் 1980களில் கிழக்குக் கரையின் மசூலாக்களை நேரில் ஆராய்ந்து, அதைப் பற்றி 1985இல் எழுதினார். அவர் கண்டவை மீன்பிடி படகுகளே. பயணிகளையும் சரக்கையும் ஏற்றிய மதராஸ் மசூலாவின் பக்க உயரத்தையும் குறுக்கு உத்திர அமைப்பையும் திரும்பச் செய்து பார்க்க விரும்பும் தச்சர் எவருக்கும், ஜான் எடை 1834இல் வெளியிட்ட அளவுகளும் வரைபடமும், வடக்கே இன்னும் தைக்கத் தெரிந்த கைகளும் சேர்ந்தே வழிகாட்ட வேண்டியிருக்கும்.